பனி விழும் முன்னே வந்துவிட்டேன்

வேலூர்
ஜனவரி 20

அன்பு நண்பா,

ஊர் திரும்பி இரண்டு மாதமாகிறது, இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன். உனக்குச் சொல்லியே ஆக வேண்டியது ஒன்று இருக்கிறது.

மகள் இருப்பது அமெரிக்காவில், வெர்மான்ட் மாநிலத்தில். அங்கே கிரீன் மவுன்டன் தேசிய வனத்தில் பிராண்டன் கேப் என்றொரு கணவாய். பனிச்சறுக்கு என்றால் லிஃப்டில் ஏறி மொட்டைச் சரிவில் இறங்குவது என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே காட்டுக்குள், மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கத் தடம் வைத்திருக்கிறார்கள். கிளேடு என்று பேர். லிஃப்ட் கிடையாது. சறுக்குப் பலகையின் அடியில் பின்வழுக்காத பட்டை ஒட்டிக்கொண்டு நடந்தே ஏற வேண்டும். தடத்தைச் சுத்தம் செய்வது உள்ளூர்த் தொண்டர்கள்.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மாப்பிள்ளையோடு நானும் போனேன். கையில் கவாத்துக் கத்தரியும் மடக்கு ரம்பமும் கொடுத்தார்கள். எழுபது வயதிருக்கும் ஒரு அம்மாதான் எனக்கு மேஸ்திரி. பெரிய மரத்தைத் தொடக் கூடாது. நிழல் போனால் அடியில் புதர் மண்டிவிடும். நெருக்கி முளைத்த பீச் (beech) என்ற காட்டு மரக்கன்றுகளையும் முகத்தில் அடிக்கிற காய்ந்த கிளைகளையும் மட்டும் எடுக்க வேண்டும். நான் நம் ஊர் அரிவாள் பழக்கத்தில் கன்றுகளைச் சாய்வாக வெட்டி ஒரு சாண் விட்டுக்கொண்டே போனேன். அந்த அம்மா ஒரு முனையைத் தடவிக் காட்டி, "பனி மூடிய பிறகு இது ஈட்டி. விழுகிறவர் மேல் ஏறிவிடும்" என்றார். திரும்பிப் போய் ஒவ்வொன்றையும் தரையோடு தரையாக அறுத்தேன். முதுகு விட்டுப்போச்சு, ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை.

இடையிடையே காட்டில் சில திட்டுகளை வெட்டாமல் அப்படியே விட்டார்கள், நாளைய மரங்கள் அங்கிருந்து வரட்டும் என்று. பறவைகள் கூடு கட்டும் மாதங்களில் வேலையே கிடையாது. வெட்டிய கிளைகளை மண்ணோடு படியும்படி பரப்பினோம், சீக்கிரம் மக்கும். இந்தக் கட்டுப்பாட்டின் அருமை எனக்குப் புரிந்தது, 2007-ல் அதே மாநிலத்தின் வட கோடி மலையொன்றில் நடந்ததைக் கேட்ட பிறகுதான். பிக் ஜே என்ற அந்த மலையில் இரண்டு பேர் யாரிடமும் கேட்காமல் நூற்றுக்கணக்கான மரங்களைச் சாய்த்துத் தங்களுக்குத் தடம் போட்டார்களாம். கேட்டபோது வயிறு எரிந்தது.

நவம்பரில் பனி விழும் முன்னே நான் கிளம்பிவிட்டேன். நேற்று மாப்பிள்ளை வீடியோ அனுப்பினார். நான் குனிந்து அறுத்த இடம் எது என்றே தெரியவில்லை, எல்லாம் வெள்ளை. அதன் மேல் அவர் சத்தமில்லாமல் இறங்குகிறார். திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சின்ன வயதில் கோட்டைக்கு எதிர் மலையில் சீத்தாப்பழத்துக்கு ஏறினோமே, அதே மாதிரி இப்போது அமிர்திக் காட்டுப் பக்கம் உன்னோடு நடக்க ஆசை. உண்ணிச்செடி அடைத்து வழியே தெரியவில்லை. அதைத் தரையோடு வெட்டினால் போதாது, மறுபடி தழைக்கும். மண்ணுக்குள் வேரை வெட்டிப் புதரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். வனத்துறையிடம் அனுமதி கேட்டு எழுதப் போகிறேன். தெருப் பையன்கள் நாலைந்து பேர் வருகிறேன் என்கிறார்கள்.

உனக்கும் ஒரு மடக்கு ரம்பம் வாங்கி வந்திருக்கிறேன். மாசி வெயில் ஏறுவதற்குள் வா. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

உன் நண்பன்