பொம்மலாட்ட மன்றம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்காக இந்த மாதம் நம் பள்ளியில் பொம்மலாட்ட மன்றம் தொடங்குகிறோம். வெள்ளிக்கிழமைதோறும் பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம் நடக்கும். கட்டணம் கிடையாது. பொறுப்பை நானே எடுத்துக்கொள்கிறேன்.

சிறு வயதில் எங்கள் ஊருக்குத் தோல்பாவைக்கூத்து, அதாவது தோலில் செய்த பாவைகளைத் திரைக்குப் பின்னால் ஆட்டி நிழலில் கதை காட்டும் கூத்து, போட வருவார்கள். இராமாயணம் பல இரவுகள் ஓடும். கூத்து போட்டால் மழை வரும் என்று பெரியவர்கள் நம்பினார்கள். எனக்கோ கதையைவிடத் திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பதில்தான் ஆசை. அங்கே ஒரே ஒருவர் உட்கார்ந்து இராமனுக்கும் இராவணனுக்கும் சீதைக்கும் தானே குரல் கொடுப்பார், பாடுவார், இரண்டு கையாலும் பாவைகளை ஆட்டுவார், சண்டை வந்தால் காலால் பலகையைத் தட்டுவார். கோமாளிப் பாவைகளான உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் வந்து ஊர்வம்பு பேச ஆரம்பித்தால், தூங்கிப்போன பிள்ளைகள்கூட எழுந்து உட்காரும். அந்த ஆசை இன்றுவரை என்னை விடவில்லை. கூத்து நடக்கிறது என்று கேள்விப்பட்டால் எந்த ஊரானாலும் போய்விடுவேன்.

அப்படிப் போனதில்தான் கும்பகோணம் பக்கத்து மரப்பாவைகளைப் பார்த்தேன். கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. பெரிய பாவை நாலரை அடி உயரமும் பத்து கிலோ எடையும் இருக்கும். ஆட்டுபவர் கயிறுகளை ஒரு வளையத்தில் கட்டி, அதைத் தலையில் மாட்டிக்கொள்கிறார். பாவையின் கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். கயிற்றில் ஆடும் மரப்பாவை உயிருள்ளதுபோல மயக்குவதை வள்ளுவர் 1020ஆம் குறளில் சொல்கிறார். அந்தக் குறளை வகுப்பில் சொல்லிவிட்டு, அப்படியொரு பாவையை நேரில் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். ஒரு பிள்ளைகூடக் கை தூக்கவில்லை. மன்றம் தொடங்கியே ஆக வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

முதலில் பழைய சாக்ஸில் கைப்பாவை செய்வோம். அப்புறம் நிழல்பாவை. கூத்துக்காரர்கள் பதப்படுத்திய ஆட்டுத்தோலில் பாவை செய்து, நகைகள் வரும் இடத்தில் சின்னச் சின்னத் துளை போடுவார்கள். வெளிச்சம் அதன் வழியே வந்து மின்னும். நாம் கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டித் துளையிட்டு, கலர் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளலாம். அட்டையைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும். விளக்குப் பக்கம் நகர்த்தினால் நிழல் பெரிதாகி ஓரம் மங்கும். அனுமார் விசுவரூபம் எடுக்க இது போதும்! டியூப்லைட்டை வைத்தால் நிழல் ஏன் கலங்குகிறது, சின்ன பல்புக்கு ஏன் தெளிகிறது என்பதைப் பிள்ளைகளே செய்து பார்த்துச் சொல்லட்டும். படிப்பு கெடுமோ என்று சிலருக்குத் தோன்றலாம். ஒளியும் நிழலும் அறிவியல் பாடம்தான். கதையை வசனமாக எழுதுவதும், கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்வதும் தமிழ்ப் பாடம்தான்.

கதைகள் உங்கள் வீடுகளிலிருந்து வர வேண்டும் என்று விரும்புகிறேன். தாத்தா பாட்டியிடம் ஒரு கதை கேட்டு வரச் சொல்லுங்கள். எந்தக் கதையானாலும் சரி.

பழைய சாக்ஸ், கல்யாணப் பத்திரிகைகள், துடைப்பக் குச்சி, திரை கட்ட ஒரு வெள்ளை வேட்டி, இவற்றில் வீட்டில் இருப்பதைக் கொடுத்தனுப்புங்கள். எதையும் புதிதாக வாங்க வேண்டாம். கத்தரிக்கோலைப் பள்ளியே தரும். உங்களில் தையல் தெரிந்தவர்கள், தச்சு வேலை செய்பவர்கள், ஆர்மோனியம் வாசிப்பவர்கள் ஒரு வெள்ளிக்கிழமையாவது வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்தால் மிகவும் மகிழ்வேன். உங்கள் குடும்பத்தில் யாராவது கூத்து கட்டியவராக இருந்தால் அவசியம் சொல்லுங்கள். நானே வீட்டுக்கு வந்து அழைக்கிறேன்.

மார்ச் 21 உலகப் பொம்மலாட்ட நாள். 2003 முதல் பல நாடுகளில் கொண்டாடுகிறார்கள். அன்று மாலை பிள்ளைகளின் முதல் ஆட்டத்தை நம் பள்ளி முற்றத்தில் வைத்துக்கொள்வோம். ஆட்டம் முடிந்ததும் நீங்களும் திரைக்குப் பின்னால் வந்து பார்க்கலாம்.

பிள்ளை சேர விரும்பினால், இத்துடன் உள்ள ஒப்புதல் சீட்டில் நீங்கள் கையெழுத்திட்டு, வரும் புதன்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுக்கச் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு மணி நேரம் கழித்து யார் வந்து அழைத்துப் போவார்கள் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை