கேஸ் பலூனில் என்ன கேஸ் என்று பில்லில் எழுத வையுங்கள்

சிலிண்டருக்கு உரிமம் கொடுக்கும் அதிகாரிகளுக்கும் மண்டபத்துக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம். கேஸ் பலூன் வெடிப்பது உங்களுக்குப் புதுச் செய்தி இல்லை. அரசியல் கூட்டத்திலேயே வெடித்து, அந்த வீடியோ ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. அதனால் முன்கதை வேண்டாம், போன மாதம் எங்கள் வீட்டு விசேஷத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

அக்கா மகளுக்கு ஆறு வயது முடிந்தது. தாய்மாமன் செலவு என்று பலூன் அலங்காரத்தை நான்தான் புக் செய்தேன். "ஹீலியம்தானே?" என்று இரண்டு முறை கேட்டேன். "ஹீலியம்தான் சார், பயப்படாதீங்க" என்றார் அலங்காரக்காரர். கேக் மேசையோரம் கட்டியிருந்த கொத்து ஃபேன் காற்றில் சாய்ந்து மெழுகுவர்த்திமேல் வந்தது, குழந்தை ஊதுவதற்குக் குனிந்திருந்தாள், ஒரு சத்தம், ஒரு வெளிச்சம், இரண்டு வினாடிகூட இருக்காது.

கையில் பட்ட தீக்காயம் ஆறிவிட்டது. புருவம்தான் இன்னும் முளைக்கவில்லை. தினமும் காலையில் பள்ளிக்குக் கிளம்பும் முன் என் அம்மா கண்மையால் அவளுக்குப் புருவம் வரைந்து விடுகிறார். சென்னை வெயிலில் மதியத்துக்குள் அது வழிந்து கன்னத்துக்கு வந்துவிடுகிறது. சாயங்காலம் கூப்பிடப் போனால் முகத்தைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டுதான் வெளியே வருகிறாள். வீட்டில் விளக்கேற்றினால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

ஹீலியத்தில் தீயையே வைத்தாலும் அது எரியாது. அப்படியென்றால் எரிந்தது ஹைட்ரஜன். பில்லை எடுத்துப் பார்த்தேன். "கேஸ் பலூன் - 60" என்று இருக்கிறது. எந்த கேஸ்? அதைத்தான் எழுத வையுங்கள் என்கிறேன்.

ஹைட்ரஜன் இன்னும் நன்றாகப் பறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பத்து லிட்டர் காற்று சுமார் 12 கிராம். அதே பத்து லிட்டர் ஹீலியம் 2 கிராமுக்கும் கீழே, ஹைட்ரஜன் 1 கிராமுக்கும் கீழே. தூக்கும் சக்தியில் பலூனுக்கு ஒரு கிராம்கூட வித்தியாசமில்லை. வித்தியாசமெல்லாம் விலையில்தான். சில இடங்களில் சிலிண்டர்கூட வாங்குவதில்லை, பழைய உருளையில் காஸ்டிக் சோடாவும் அலுமினியத் துண்டும் போட்டு அவர்களே வாயு தயாரித்துக்கொள்கிறார்கள். 1937-ல் எரிந்த, ஹைட்ரஜன் நிரப்பிய ஹிண்டன்பர்க் என்ற ஜெர்மன் வான்கப்பல்காரர்களுக்காவது ஒரு காரணம் இருந்தது, அமெரிக்கா அவர்களுக்கு ஹீலியம் விற்கவில்லை. நம் ஆளுக்கு என்ன காரணம்?

இன்னொரு வேடிக்கை. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தின்போது சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்ததில் ஹீலியத்தின் அடையாளமான மஞ்சள் கோடு கண்ணில் பட்டது குண்டூரிலும் மசூலிப்பட்டினத்திலும். இரண்டும் அன்றைய சென்னை மாகாணம். மசூலிப்பட்டினத்தில் பார்த்தவர் நம் மதராஸ் வானாய்வகத்துப் போக்சன். சூரியனில் இருந்த ஹீலியத்தின் அடையாளத்தை இங்கிருந்தே பார்த்துவிட்டார்கள், மண்டபத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை.

புகார் கொடுக்க மூன்று அலுவலகம் ஏறினேன். சிலிண்டர் என்றால் அங்கே, பலூன் என்றால் இங்கே, தீ என்றால் வேறிடம். பலூனுக்குள் சிலிண்டர் வாயு போய்த் தீப்பிடித்தால் எங்கே என்று கேட்டேன், சாப்பாட்டு நேரம் என்றார்கள். சரி, கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஹைட்ரஜனையே ஒழியுங்கள் என்று கேட்கவில்லை. வானிலைத் துறை பலூனும் ஹைட்ரஜனில்தான் போகிறது, ஆனால் தெரிந்தவர்கள், திறந்த வெளியில், பக்கத்தில் நெருப்பில்லாமல் விடுகிறார்கள். காற்றில் நான்கு சதவீதம் கலந்தாலே பற்றிக்கொள்ளும் வாயுவை, மூடிய ஏசி ஹாலில் கேக்குக்குப் பக்கத்தில் பெயர் சொல்லாமல் கட்டாதீர்கள் என்றுதான் கேட்கிறேன். சிலிண்டரிலும் பில்லிலும் வாயுவின் பெயர் தமிழில் இருக்க வேண்டும். ஹைட்ரஜன் என்றால் மண்டபத்துக்குள் விடக்கூடாது. தயவுசெய்து இதை ஓர் உத்தரவாகப் போடுங்கள்.

அடுத்த மாதம் தம்பி மகனுக்குக் காதுகுத்து. மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாகிவிட்டது, அலங்காரம் அவர்கள் ஆள்தான் செய்வாராம். அதற்குள் வந்தால் உபகாரமாக இருக்கும்.

இப்படிக்கு,
பழவந்தாங்கலிலிருந்து ஒரு தாய்மாமன்