பளிங்கும் இல்லை, பெயர் தெரியாதவர்களும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜெர்மனி, பவேரியா பயணக் கட்டுரையில் வீஸ் தேவாலயத்தைப் பற்றி ஒரு வரி: "விதானத்தில் ஒரு மேதையின் ஓவியம், சுற்றிலும் பெயர் தெரியாத கொத்தனார்கள் பூசிய அலங்காரம்."

பெயர் யாருக்குத் தெரியாது ஐயா? அந்த ஓவியத்தை வரைந்த யோஹான் பாப்டிஸ்ட் சிம்மர்மானே சுதை வேலைக்காரர்தான். மியூனிக் அரசவைக்குச் சுதை வேலை செய்தவர். அமாலியன்பூர்க் மாளிகையின் கண்ணாடிக் கூடத்தில் வெள்ளியாக மின்னும் சுதைக் கொடிகளும் பறவைகளும் அவர் செய்தவை. தேவாலயத்தைக் கட்டிய தம்பி டொமினிகுஸும் கரணை பிடித்து வளர்ந்தவர், அப்பாவுக்கும் அதே தொழில். அவர்களுடைய ஊரான வெஸ்ஸோபுரூன் பக்கத்திலிருந்து சுதைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிளம்பிப்போய் ஐரோப்பாவில் பல நாடுகளில் வேலை செய்தார்கள். இதெல்லாம் தாங்கள் அறியாததல்ல. கட்டுரையாளருக்குத்தான் நேரமில்லை போலும்.

அப்புறம் அந்தப் படக்குறிப்பு: "பளிங்குத் தூண்கள்." ஜிப்சத்தில் விலங்குப் பசையும் நிறப்பொடியும் பிசைந்து, பூசி, காய்ந்தபின் திரும்பத் திரும்பத் தேய்த்து மெருகேற்றிய தூண்கள் அவை. மகனைப் பார்க்கப் போனபோது ஒன்றின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன் (காவலர் முறைத்தார்). பளிங்கின் சில்லிப்பு இல்லை. நான் கட்டட ஒப்பந்த வேலையிலேயே காலம் தள்ளியவன். பி.ஓ.பி. (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், அதுவும் ஜிப்சம்தான்) சீலிங் போடும்போது கலவை சட்டியிலேயே இறுகிப்போய், ஆட்கள் தலையில் கை வைத்து நின்றதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடத்தான் பசை. அந்தக் கலவையை வைத்துக்கொண்டு, சுதை எங்கே முடிகிறது, ஓவியம் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்கே தெரியாதபடி சாரத்தில் நின்று செய்திருக்கிறார்கள். அதற்கு உங்கள் பத்திரிகையில் "பூசிய" என்று ஒரு சொல். சரி, பூசியதுதான்.

டொமினிகுஸ் லாண்ட்ஸ்பெர்க் நகரத்து மேயராகவும் இருந்தவர். 1754இல் வீஸ் வேலை முடிந்தபின் அதன் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொண்டு, 1766இல் அங்கேயே இறந்தார். 1770இல் பவேரிய அரசு, தேவாலயங்களில் வீண் அலங்காரம் கூடாதென்று ஆணை போட்டது. நல்லவேளை, அதைப் பார்க்க அவர் இல்லை. உங்கள் கட்டுரையைப் படிக்கவும் இல்லை.

இது முதல் தடவையானால் பேசாமல் இருந்திருப்பேன். கோபுரங்களைப் பற்றிய சிறப்பிதழிலும் சுதைப் பொம்மைகளையெல்லாம் "கல்லில் வடித்தவை" என்று போட்டீர்கள். அப்போது எழுதிய கடிதத்தைப் பாதியாக வெட்டி, என் பெயரில் ஓர் எழுத்தையும் விழுங்கிவிட்டு வெளியிட்டீர்கள். வெட்டிய பாதியில்தான் விஷயம் இருந்தது. ஓவியர் என்றால் முழுப்பக்கம், கட்டடக் கலைஞர் என்றால் பேட்டி, கலவை பிசைந்தவன் என்றால் "பெயர் தெரியாதவர்". மாத இதழ் சில மாதம் வருவதேயில்லை என்பதை இங்கே சொல்லவில்லை, அது சந்தாப் பிரிவின் காதில் விழாத சமாச்சாரம்.

பெரிதாக எதையும் கேட்கவில்லை. அடுத்த இதழில் இரண்டே வரித் திருத்தம்: தூண்கள் பளிங்கு அல்ல, செய்தவர்களுக்குப் பெயர் உண்டு. இடம் இருந்தால் சிம்மர்மான் சகோதரர்கள் என்று போடுங்கள். இந்தக் கடிதத்தை எப்படியும் வெட்டுவீர்கள். தயவுசெய்து சந்தா வரியை வெட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
திருச்சி