சீரியல் கன்சோலில் காத்திருப்பு நேரத்தைக் கணக்கிட்டு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தின் வாசகர்களில் கெர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) வன்பொருளை இயக்கும் டிரைவர் எழுதுவோரும் இருப்பார்கள். அவர்கள் கவனத்துக்கு ஒன்று. சீரியல் கன்சோல் என்பது கெர்னலின் செய்திகளைப் பிட் பிட்டாகக் கம்பிவழி வெளியே அனுப்பும் போர்ட். அதன் டிரைவர் ஓர் எழுத்தை அனுப்புமுன் எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்பதை மாறாத எண்ணாக எழுதிவைக்கும் பழக்கம் போக வேண்டும். எந்தப் பழுதும் இல்லாத போர்ட்டிலும் அது எழுத்துகளைத் தொலைக்கிறது. பழுதான போர்ட் என்றால் கணினி முழுவதையும் நிறுத்திவிடுகிறது.

கெர்னல் செய்தி வந்ததும் டிரைவர் சிப்பின் இன்டரப்ட்டை (சிபியுவை அழைக்கும் சிக்னலை) அடைத்துவிட்டு, சிப்பின் நிலையைக் காட்டும் லைன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைத் திரும்பத் திரும்பப் படிக்கிறது. 16550 வகைச் சிப்புகளில் பிட் 5 என்பது அனுப்பும் ஃபிஃபோ (எழுத்துகள் வரிசையில் காத்திருக்கும் சிறு நினைவிடம்) காலி என்பதற்கும், பிட் 6 என்பது கடைசி பிட்டும் கம்பியில் போய்விட்டது என்பதற்கும் அடையாளம். சிப்பின் கிளாக் நின்றுபோனால் பிட் 5 வரவே வராது. சுற்றுக்கு வரம்பு வைக்காத டிரைவர் அங்கேயே சுழன்றுகொண்டிருக்கும். அதனால் டைம்அவுட் (காத்திருப்புக்கு ஒரு வரம்பு) கட்டாயம் வேண்டும். எவ்வளவு என்பதில்தான் பிசகு நேர்கிறது.

லினக்ஸின் 8250 டிரைவரில் நெடுங்காலம் இருந்த வரம்பு 10 மில்லிசெகண்ட். 8 டேட்டா பிட், பாரிட்டி (பிழை காட்டும் கூடுதல் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் என்றால், ஸ்டார்ட் பிட்டையும் சேர்த்து ஓர் எழுத்துக்கு 10 பிட். 115200 பாட் (செகண்டுக்கு அத்தனை பிட்) வேகத்தில் அது 87 மைக்ரோசெகண்டில் போய்விடும். 9600 பாடில் 1.04 மில்லிசெகண்ட், அதுவும் வரம்புக்குள்தான். ஆனால் 300 பாடில் ஒரே எழுத்துக்கு 33 மில்லிசெகண்ட் ஆகும். ஃபிஃபோவை நிரப்பிவிட்டு அது காலியாகும்வரை காத்திருக்கும் டிரைவர் என்றால் 9600 பாடிலேயே சிக்கல் தொடங்கிவிடும்: 16 எழுத்து ஃபிஃபோவுக்கு 16.7 மில்லிசெகண்ட், 64 எழுத்து என்றால் 66.7. பத்தாவது மில்லிசெகண்டில் பொறுமையிழந்து அடுத்த தொகுதியையும் உள்ளே தள்ளினால், இடமில்லாத எழுத்துகள் தொலையும். 115200இல் ஒழுங்காக வரும் வரி 9600இல் நடுநடுவே அறுந்து வந்தால், கேபிளை மாற்றுமுன் இந்த எண்ணைப் பாருங்கள்.

சரியான வரம்பு: ஃபிஃபோ ஆழத்தை ஓர் எழுத்தின் பிட் எண்ணிக்கையால் பெருக்கி, பாட் வேகத்தால் வகுத்து, வருவதை இரட்டிப்பாக்குங்கள். பாரிட்டியும் 2 ஸ்டாப் பிட்டும் இருந்தால் எழுத்துக்கு 12 பிட் என்பதை மறக்க வேண்டாம். வேகம் மாற்றப்படும் அதே இடத்தில் இந்த வரம்பும் மறுபடி கணக்கிடப்பட வேண்டும்.

நேரத்தை எதைக் கொண்டு அளக்கிறோம் என்பதும் முக்கியம். ஒற்றை சிபியு கணினியில் இன்டரப்ட் முழுவதும் அடைபட்டிருக்கும்போது ஜிஃபிஸ் (டைமர் இன்டரப்ட்டால் கூடும் கெர்னலின் நேர எண்ணி) நகராது. அதை நம்பிய டைம்அவுட் ஒருநாளும் முடியாது. சுற்றுக்கு 1 மைக்ரோசெகண்ட் தாமதம் என்று எண்ணினால், ரெஜிஸ்டரைப் படிக்கும் நேரமும் அதோடு சேர்ந்து வரம்பு நீண்டுவிடும். ஹார்ட்வேர் கவுன்டரைப் படிப்பதே நல்லது. கணினி பூட் ஆகும் தொடக்கத்தில் அது தயாராகாத கட்டத்துக்கு மட்டும் சுற்று எண்ணிக்கை போதும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, ஒவ்வோர் எழுத்துக்கும் முழு டைம்அவுட்டையும் புதிதாகத் தொடங்குவது. 80 எழுத்து வரி, எழுத்துக்கு 10 மில்லிசெகண்ட் என்றால் வரிக்கு 0.8 செகண்ட். பூட் செய்தி 1,000 வரி வந்தால் 13 நிமிடத்துக்கு மேல். மறுமுனை 'அனுப்பலாம்' என்று தரும் சிடிஎஸ் சிக்னலுக்காகக் காத்திருப்பது இதைவிட மோசம்: 8250 டிரைவரில் அதன் வரம்பு எழுத்துக்கு 1 செகண்ட், அதாவது ஒரு வரிக்கு 80 செகண்ட். காத்திருக்கும்போதே டிரைவர் வாட்ச்டாக்கையும் (கணினி உறைந்தால் எச்சரிக்கும் அமைப்பையும்) புதுப்பித்துவிடுவதால் எச்சரிக்கைகூட வராது. கணினி செத்துவிட்டது என்றே தோன்றும். டிஎக்ஸ், ஆர்எக்ஸ், கிரவுண்ட் என மூன்றே கம்பி உள்ள, சிடிஎஸ் இல்லாத கேபிளுக்கு, கன்சோல் அளவுருவின் கடைசியில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோலைக் கேட்கும் 'ஆர்' எழுத்தைப் போடவே கூடாது.

டிரைவருக்குள் செய்ய வேண்டியது: ஒருமுறை டைம்அவுட் ஆனதும் போர்ட் சிக்கியிருப்பதாக ஒரு கொடியை வையுங்கள். அந்தச் செய்தியின் மீதி எழுத்துகளுக்கு ஸ்டேட்டஸை ஒரே ஒருமுறை பாருங்கள். இடமில்லையென்றால் எழுத்தை விட்டுவிட்டு, விட்டதை எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்த செய்தியின் முதல் எழுத்துக்கு மட்டும் முழு வரம்பும் காத்திருங்கள். போர்ட் தயாரானால் கொடியை இறக்கிவிடலாம். சிப் செத்தே போனாலும் செய்திக்கு ஒரு டைம்அவுட்டுக்கு மேல் இழப்பு வராது.

டைம்அவுட் ஆனதை அந்த இடத்திலேயே பிரிண்ட்கே (கெர்னல் செய்தியை வெளியிடும் ஃபங்ஷன்) கொண்டு அறிவிக்காதீர்கள்; அந்த அறிவிப்பும் அதே கன்சோலுக்குத்தான் வரிசையில் நிற்கும். எண்ணிக்கையைப் புள்ளிவிவரக் கோப்பில் காட்டினால் போதும். பாதியில் வெளியேறும் வழியிலும் இன்டரப்ட் எனேபிள் ரெஜிஸ்டரைப் பழைய மதிப்புக்குத் திருப்பி, லாக்கையும் விடுவிக்க வேண்டும். இது விடுபட்டால் கன்சோல் மீண்டும் உயிர்பெற்றாலும் லாகின் ஷெல் ஊமையாகிவிடும்.

சோதனைக்கு மூன்று நிலைகள் அவசியம்: 300 பாட் வேகம், சிடிஎஸ் கழற்றப்பட்ட கேபிள், கிளாக் நிறுத்தப்பட்ட சிப். கடைசி நிலையில் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர் எதைத் திருப்பித் தருகிறது என்பதையும் பாருங்கள். எல்லா பிட்டும் ஒன்றாக வந்தால் போர்ட் எப்போதும் தயார் என்றே தோன்றும். எந்த டைம்அவுட்டும் அதைப் பிடிக்காது. அதற்குத் தனியாகச் சோதனை எழுத வேண்டும்.

இப்படிக்கு,
கெர்னல் டிரைவர் பணியில் உள்ள வாசகர்கள்