‘எதிர்ப்பு ஏதுமின்றி’ என்ற அந்த ஒரு வரி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத் தலைநகர் கொலம்பஸிலிருந்து எழுதுகிறேன். ஊரிலிருந்து அண்ணன் உங்கள் நாளிதழின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். எங்கள் மாநிலத்தின் ‘செனட் மசோதா 1’ பற்றிய சின்னச் செய்தி. அரசுப் பல்கலைக்கழகங்களில் டி.இ.ஐ. அலுவலகங்களை, அதாவது பன்மைத்துவம், சமத்துவம், எல்லோரையும் சேர்த்துக்கொள்வது என்ற பெயரில் நடப்பவற்றை, இழுத்து மூடும் சட்டம். செய்தியில் மற்றதெல்லாம் சரிதான், கடைசியில் ‘பெரிய எதிர்ப்பு ஏதுமின்றி நிறைவேறியது’ என்று போட்டிருந்தீர்கள், அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

2025 பிப்ரவரி 11 அன்று அந்த மசோதா மீது எங்கள் மாநில மேலவையான செனட்டின் குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்டது. எதிர்த்து எழுத்தில் கருத்து அனுப்பியவர்கள் 800-க்கும் மேல். விசாரணை எட்டு மணி நேரத்தைத் தாண்டியது. எனக்குத் தெரியும், நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். நானாகப் போனேன் என்று பெருமை பேச மாட்டேன், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகள்தான் “குரூப்ல பொங்குறீங்களேப்பா, அங்க வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?” என்று கேட்டாள். முந்தைய நாளே ஒரு பக்கம் எழுதி, படிவத்தையும் நிரப்பி அனுப்பிவிட்டு, அன்று லீவு போட்டுவிட்டுப் போனேன். பேராசிரியர்கள், மாணவர்கள், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் என்று நடைபாதை வரை கூட்டம். பேச எனக்குக் கிடைத்தது சில நிமிடம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான், இடஒதுக்கீடு இல்லாவிட்டால் இன்றைக்கு இங்கே நின்று உங்களிடம் பேசிக்கொண்டிருக்க மாட்டேன் என்றேன். ஒரு உறுப்பினர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரவாயில்லை, நான் சொன்னது பதிவேட்டில் ஏறிவிட்டது.

இங்கே ஒரு விஷயம், நம் ஊரில் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். டி.இ.ஐ. என்பது இடஒதுக்கீடு இல்லை. கல்லூரிச் சேர்க்கையில் இனவாரி ஒதுக்கீடு கூடாது என்று இந்த நாட்டு உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. இனத்தை ஒரு காரணியாகப் பார்ப்பதற்கும் 2023-ல் தடை வந்துவிட்டது. மிச்சம் இருந்தது என்ன? முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தர ஆள், உதவித்தொகைக்கு எங்கே கையெழுத்துப் போடுவது என்று காட்ட ஆள், கறுப்பின மாணவர்கள் கூடி உட்கார ஓர் இடம். இதைத்தான் மூடினார்கள். போதாதென்று அதே சட்டத்தில் பேராசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்யத் தடை, மூன்று ஆண்டு சராசரியில் வருடத்துக்கு ஐந்து பட்டம்கூடத் தராத இளங்கலைப் படிப்புகளுக்கு மூடுவிழா. சட்டம் கையெழுத்தான கையோடு டொலீடோ பல்கலைக்கழகம் ஒன்பது இளங்கலைப் படிப்புகளில் சேர்க்கையை நிறுத்தியது. தத்துவம், ஸ்பானிஷ், ஆசியவியல் எல்லாம் அதில் அடக்கம்.

சரி, அத்தனை பேர் பேசி என்ன நடந்தது? மறுநாளே செனட்டில் 21-க்கு 11 என்று நிறைவேற்றிவிட்டார்கள். ஆளும் கட்சியிலேயே இருவர் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள், அதுவும் செய்தியில் வரவில்லை. மார்ச் 28-ல் ஆளுநர் கையெழுத்துப் போட்டார். “போய் என்னத்தைக் கிழிச்சே?” என்று ஒரு நண்பர் கேட்டார். இதே மசோதாவின் அண்ணன் ஒன்று, எண் 83, 2023-ல் வந்தது. அப்போதும் ஆட்கள் இப்படித்தான் போய் நின்றார்கள். அது செனட்டைத் தாண்டியும் கீழவையில் ஓட்டெடுப்புக்கே வராமல் செத்துப்போனது. அதற்குக் கூட்டம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன், உள்கட்சிக் கணக்கும் இருந்திருக்கும். ஆனால் அதனால் கிடைத்த காலத்தில் எத்தனை பிள்ளைகள் படிப்பை முடித்துக்கொண்டு போனார்கள் என்று அந்த நண்பர் கணக்குப் பார்க்கட்டும்.

அப்புறம் நடந்ததுதான் பெரிய கதை. யங்ஸ்டவுன் அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் சிலர், சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோகக் கையெழுத்து வாங்க இறங்கினார்கள். சட்டம் அமலுக்கு வருவதற்குள், ஜூன் முடிவதற்குள், சுமார் 2,48,000 கையெழுத்து வேண்டும். ஒரே கவுண்டிக்காரர்கள்தான் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஒரு தாளில் கையெழுத்துப் போடலாம், பக்கத்துக் கவுண்டிக்காரர் வந்தால் வேறு தாள். நான் கோயில் வாசலிலும் சந்தையிலும் நின்றேன். நம்மவர்கள் பொங்கல் விழாவுக்கு மண்டபம் நிறைய வருகிறார்கள், தாளை நீட்டினால் “விசால இருக்கேண்ணா, வம்பு வேணாம்” என்று நழுவுகிறார்கள். விசாவில் இருப்பவர் கையெழுத்தே செல்லாது, அவர்களை நான் கேட்கவும் இல்லை. குடியுரிமை வாங்கி, ஓட்டும் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் இதே அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்த்திருப்பவர்கள் காரை நோக்கி வேகமாக நடந்ததுதான் கஷ்டமாக இருந்தது. சந்தையில் கடை போட்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பாட்டி தான் கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல் வருகிற ஆட்களையெல்லாம் என் பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

கூலிக்கு ஆள் வைக்காமல் ஏறக்குறைய 1,95,000 கையெழுத்து சேர்ந்தது. போதவில்லை. 2011-ல் அரசு ஊழியர்கள் சங்கமாகச் சேர்ந்து சம்பளம், வேலை நிபந்தனைகளைப் பேசி முடிக்கும் கூட்டுப்பேர உரிமையை வெட்டிக் குறைத்த ‘செனட் மசோதா 5’-க்கு எதிராக இதே மாநிலத்தில் சுமார் 13 லட்சம் கையெழுத்து வாங்கி, அந்த நவம்பரிலேயே வாக்கெடுப்பில் தோற்கடித்தார்கள். அன்றைக்குத் தொழிற்சங்கங்களின் பணமும் ஆள்பலமும் இருந்தன. இந்த முறை இருந்தது பேராசிரியர்களும் மாணவர்களும் என்னைப் போல நாலு பேரும்.

தோற்றோம் என்று எழுதுங்கள், ஒப்புக்கொள்கிறேன். எதிர்ப்பு இல்லை என்பதை மட்டும் திருத்திப் போட்டுவிடுங்கள். பழைய செய்திக்குத் திருத்தம் போடுவது வழக்கமில்லை என்றால் இந்தக் கடிதத்தையாவது போடுங்கள், அண்ணனை மறுபடி படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொலம்பஸ், ஒஹாயோ