அந்தப் பொட்டிய பாத்துக்குறவங்களப் பத்தியும் நாலு வரி போடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க அறிவியல் பக்கத்துல ஒரு துணுக்கு வந்துச்சு, செவ்வாய் கிரகத்துல இருக்குற பெர்சிவரன்ஸ் ரோவர்ல ஜியோகேச்சிங்கிற ஒரு புதையல் வேட்டை விளையாட்டோட குறியீட்டு நம்பர் இருக்குன்னு. தகவல் சரிதான். 2021 பிப்ரவரில இறங்குன அந்த ரோவர்ல ஷெர்லாக்னு ஒரு கருவி இருக்கு, அது சரியா வேலை செய்யுதான்னு அப்பப்ப சரிபாக்க ஒரு சின்ன தகடு வச்சு அனுப்பிருக்காங்க, அதுல விண்வெளி ஹெல்மெட்டோட முகக்கண்ணாடிக்கு போடுற பொருள்ல ஒரு துண்டு, அந்தத் துண்டுலதான் அந்த நம்பர். ரோவர் அனுப்புற படத்துல அத தேடிப் படிச்சு நாம இங்க உக்காந்தே பதிவு பண்ணலாம். நல்ல விஷயம்தான், ஆனா துணுக்கு "உலகம் பூரா பொட்டி ஒளிச்சு வச்சு தேடுவாங்க"ன்னு ஒரே வரில முடிஞ்சிருச்சு. நான் பல வருஷமா சியாட்டில் பக்கம் இருக்கேன், ஜியோகேச்சிங் பொறந்து வளந்ததே இந்த ஏரியாலதான், நானும் ரொம்ப நாளா இதுல இருக்கேன். அந்த ஒரு வரில விட்டுப்போனதுதான் இதோட உயிரே, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன்.

முதல்ல இது எப்படி வந்துச்சுன்னு சொல்லிடுறேன். 2000 மே மாசம் வரைக்கும் ஜிபிஎஸ் சிக்னல்ல அமெரிக்க ராணுவம் வேணும்னே பிழைய கலந்து விட்டுட்டு இருந்துச்சு, பொதுமக்கள் கைல இருக்குற கருவி 100 மீட்டர் வரைக்கும் தள்ளிக் காட்டும். கிளின்டன் அரசு அத நிறுத்துச்சு, ராத்திரியோட ராத்திரியா எல்லார் கருவியும் பல மடங்கு துல்லியமாயிடுச்சு. உடனே மே 3ஆம் தேதி டேவ் உல்மர்னு ஒருத்தர் இங்க ஓரிகன்ல போர்ட்லாண்டுக்குத் தெக்க பீவர்கிரீக்னு ஒரு ஊர்ல ரோட்டோரமா காட்டுப்பக்கம் ஒரு கருப்பு வாளில கொஞ்சம் சாமான போட்டு வச்சுட்டு, இடத்தோட அட்சரேகை தீர்க்கரேகைய ஒரு இணையக் குழுவுல போட்டுட்டாரு. புத்தகம், வீடியோ, சாஃப்ட்வேர், உண்டிவில், ஒரு பீன்ஸ் டின். போறவங்க எதாவது எடுத்துக்கலாம், பதிலுக்கு எதாவது வைக்கணும், உள்ள இருக்குற நோட்டுல எழுதணும், அவ்ளோதான் சட்டம். மூணு நாளுக்குள்ள ரெண்டு பேர் கண்டுபுடிச்சுட்டாங்க. அந்த வருஷம் செப்டம்பர் 2ஆம் தேதி ஜெரமி ஐரிஷ்னு ஒருத்தர் இதுக்குன்னு ஒரு இணையதளம் தொடங்குனப்போ மொத்தம் 75 கேச்தான் (ஒளிச்சு வச்ச பொட்டியத்தான் கேச்னு சொல்லுவோம்), இன்னைக்கு 30 லட்சத்துக்கு மேல. அந்த பீவர்கிரீக் இடத்துல வாளி இப்ப இல்ல, ஆனா பீன்ஸ் டின் மட்டும் பின்னாடி அங்கயே கெடச்சுச்சு, அதுக்கு ஒரு ட்ராக்கிங் நம்பர் குடுத்து பத்திரமா வச்சிருக்காங்க, இடத்துல ஒரு கல்வெட்டு மாதிரி பலகை இருக்கு.

இதுக்கு முன்னாடியே இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னும் சொல்லணும். இங்கிலாந்துல டார்ட்மூர்னு ஒரு பொட்டல் மேட்டுநிலம், 1854ல ஜேம்ஸ் பெரட்னு ஒரு வழிகாட்டி அங்க கிரான்மியர் பூல்ங்கிற இடத்துல கல்ல குவிச்சு அதுக்குள்ள ஒரு பாட்டில வச்சாரு, அவ்ளோ தூரம் நடந்து வந்தவங்க தங்களோட விசிட்டிங் கார்ட போட்டுட்டு போவாங்க. சாட்டிலைட் இல்லாத காலம். வந்தேன்னு எழுதி வச்சுட்டு அடுத்தவனுக்கு விட்டுட்டுப் போற ஆசை மனுஷனுக்கு எப்பவும் இருந்திருக்கு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். 30 லட்சம் பொட்டின்னா 30 லட்சம் தடவ யாரோ ஒருத்தர் சொந்தக் காசுல டப்பா வாங்கி, இடம் தேடி, இடத்துக்காரங்ககிட்ட அனுமதி கேட்டு, நோட்டு வச்சு, ஒளிச்சு வச்சிருக்காங்க. வச்சதோட வேலை முடியாது, அங்கதான் ஆரம்பிக்குது. எங்க ஊர்ல அக்டோபர்ல புடிக்கிற மழை ஏப்ரல் வரைக்கும் விடாது, மூடி கொஞ்சம் லூசா இருந்தாலும் நோட்டு கூழாயிடும், அதனால மழைக்கு நனையாத பேப்பர் வாங்கணும், பழைய ராணுவத் தோட்டாப் பொட்டி கெடச்சா அதுதான் சிறப்பு, ரப்பர் வாஷர் வச்சு இறுக்கி மூடும். யாராவது "காணோம்"னு பதிவு போட்டா ஓனருக்கு, அதாவது பொட்டிய வச்சவருக்கு, மெயில் வரும், அவர் லீவு நாள்ல மலை ஏறிப் போயி பாக்கணும், இல்லன்னா புதுசா வைக்கணும். ஒரு பைசா வருமானம் கெடையாது. ஊர்ப் பொதுக்கிணறு மாதிரின்னு வச்சுக்கோங்க, யார் வேணா தண்ணி எறைக்கலாம், தூர் வார ஒருத்தர் இருந்தாத்தான் கிணறு இருக்கும்.

ஓனருக்கு மேல ரிவியூவர்னு ஒரு கூட்டம் இருக்கு, அவங்களும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்ங்கதான். புது கேச் ஒவ்வொண்ணையும் அவங்க பாத்து சரின்னாத்தான் மேப்ல வரும். ரெண்டு பொட்டிக்கு நடுவுல 161 மீட்டர் இருக்கணும், தோண்டிப் பொதைக்கக் கூடாது, சாப்பாட்டுப் பொருள் சாராயம் ஆயுதம் எதுவும் உள்ள வைக்கக் கூடாது, ரயில் தண்டவாளம் ஸ்கூல் ராணுவ இடம் பக்கம் கூடாது, இடத்துக்காரங்க அனுமதி வேணும். சிலருக்கு இது தொந்தரவா தெரியும், எனக்கு அப்படி இல்ல, இவ்ளோ கட்டுப்பாடு இல்லன்னா எந்த பூங்கா அதிகாரியும் இவங்கள உள்ள விட்டிருக்க மாட்டாங்க.

தேடுறவங்களுக்கும் பொறுப்பு இருக்கு. கருவி நம்மள பொட்டிகிட்ட கொண்டுபோய் விட்டுடும்னு வெளிய இருக்குறவங்க நெனைக்குறாங்க, அப்படி இல்ல. அட்சரேகை தீர்க்கரேகை எண்ணோட கடைசி இலக்கம் ஒண்ணு மாறுனா ஏறக்குறைய ரெண்டு மீட்டர் மாறும், பெரிய மரங்களுக்கு அடில சிக்னல் அங்கயும் இங்கயும் பட்டு வர்றதால அஞ்சு பத்து மீட்டர் ஆடும், அதுக்கப்புறம் கண்ணும் கையும்தான். போல்ட் மாதிரி செஞ்ச டப்பா, பைன் காய்க்குள்ள டப்பா, விரல் நுனி அளவுக்கு காந்தம் வச்ச நானோ டப்பா, வேலிக் கம்பிக்குள்ள சுருட்டுன சீட்டு. ஒரு மணி நேரம் தேடியும் கெடைக்காம போறது சகஜம், அப்ப கெடைக்கலன்னு பதிவு போடணும், டிஎன்எஃப்னு சொல்லுவோம். பல பேர் கௌரவம் பாத்துட்டு இத போடுறதில்ல, எனக்கு இதுல ரொம்ப வருத்தம், ஏன்னா வரிசையா நாலு டிஎன்எஃப் வந்தாத்தான் ஓனருக்கு பொட்டி போயிடுச்சுன்னு தெரியும், இல்லன்னா அடுத்து குழந்தைங்கள கூட்டிட்டு வர்ற குடும்பம் வெறுங்கையோட திரும்பணும். அதே மாதிரி கண்டுபுடிச்சதும் வெறும் "நன்றி"ன்னு ஒரு வார்த்தை போட்டுட்டு போறாங்க, வழில என்ன பாத்தீங்க, எங்க தடுமாறுனீங்கன்னு ரெண்டு வரி எழுதுனா என்ன, அந்த ஓனருக்கு இந்த வேலைல கெடைக்கிற ஒரே கூலி அதுதான்.

இன்னொண்ணு, கஷ்ட அளவு. ஒவ்வொரு கேச்சுக்கும் கண்டுபுடிக்கிற கஷ்டத்துக்கு 1லருந்து 5, போற வழியோட கஷ்டத்துக்கு 1லருந்து 5ன்னு மார்க் போட்டிருப்பாங்க. வழி 5ன்னா படகோ கயிறோ வேணும், வழி 1ன்னா சக்கர நாற்காலில போகலாம்னு அர்த்தம். அந்த 1ஐ நம்பித்தான் ஒருத்தர் நாற்காலிய வண்டில ஏத்திட்டு கெளம்புறாரு, அங்க போனா மூணு படிக்கட்டு இருந்தா எப்படி இருக்கும். இத சரியா போடுறதுக்காகவே இடத்துக்கு திரும்பத் திரும்பப் போயி பாக்குற ஓனர்ங்க உண்டு.

சாகசம்னா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது ஸ்நோகுவால்மி சுரங்கம். பழைய ரயில் பாதை, இப்ப நடைபாதை ஆக்கிட்டாங்க, மலைக்குள்ள மூணரை கிலோமீட்டருக்கு மேல, விளக்கு கெடையாது, கோடைலயும் உள்ள குளிரும், மேலருந்து தண்ணி சொட்டும், குளிர்காலத்துல கதவ பூட்டிடுவாங்க. கிழக்கு வாசல்ல டார்ச்ச எடுத்துட்டு நடந்தா எதிர்ப்பக்கம் ஒரு ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரியும், அது பெருசாகவே மாட்டேங்குதேன்னு தோணும். மேற்கு வாசலுக்கு அந்தப்பக்கம்தான் நான் சொல்ல வந்த கேச் இருக்கு, 2001ல ஒரு சினிமா விளம்பரத்துக்காக உலகத்துல அங்கங்க வச்சதுல ஒண்ணு, பிரேசில்ல ஒண்ணும் இங்க ஒண்ணும்தான் மிஞ்சி இருந்துச்சு. எங்கெங்க இருந்தோ ஆளுங்க விமானம் ஏறி வருவாங்க. 2011ல யாரோ தூக்கிட்டு போயிட்டாங்க, முடிஞ்சதுன்னு பட்டியல்லருந்து எடுத்துட்டாங்க. ஆனா ஆளுங்க விடல, 2016ல சில கேச்சர்ங்க அந்த ஒரிஜினல் பொட்டியவே தேடிப் புடிச்சு மீட்டுட்டு வந்தாங்க, 2017ல திரும்ப அதே இடத்துல வச்சாச்சு. உள்ள இருக்குற பொருளுக்கு விலையே இல்ல, அதுக்கு அஞ்சு வருஷம் கழிச்சும் ஒரு கூட்டம் அலைஞ்சுச்சுன்னா அதுதான் இந்த ஆளுங்க.

கான்சாஸ்ல மிங்கோன்னு ஒரு கேச், 2000 மே 11ல வச்சது, இன்னும் நடப்புல இருக்கு, உலகத்துலயே பழசு அதுதான். ஹைவே பக்கம், காட்சின்னு சொல்ல ஒண்ணுமில்ல, ஆனாலும் நோட்டுல கையெழுத்து போடணும்னு நாடு கடந்து வர்றாங்க. இன்னொரு பக்கம் விண்வெளி நிலையத்துல 2008ல அங்க போன ரிச்சர்ட் கேரியட்ங்கிறவர் ஒரு கேச் வச்சாரு, 2013ல விண்வெளி வீரர் ரிக் மாஸ்ட்ராக்கியோ மேல போனப்ப கனெக்டிகட்ல வாட்டர்பரிங்கிற ஊர் ஸ்கூல் பசங்களுக்காக ஒரு டிராவல் பக் கொண்டுபோனாரு. டிராவல் பக்னா நம்பர் அடிச்ச ஒரு தகடு, ஒரு பொட்டில எடுத்து இன்னொரு பொட்டில விட்டுட்டே இருப்பாங்க, எங்க சுத்துதுன்னு அனுப்புனவரு மேப்ல பாத்துட்டே இருக்கலாம். பாதி தொலஞ்சுதான் போகுது, தெரிஞ்சும் அனுப்புறாங்க.

கூட்டம் போடுறதும் உண்டு, ஏதாவது பூங்காலயோ காபி கடைலயோ. புனைப்பேர்ல மட்டுமே நோட்டுல பாத்த ஆளு நேர்ல ரிட்டயர்டான பாட்டியா இருப்பாங்க, சுரங்கத்துல நமக்கு முன்னாடி கையெழுத்து போட்டது அவங்கதான். 2002லருந்து குப்பை அள்ளுற கூட்டமும் நடக்குது, பொட்டி தேடப் போற பாதைல கெடக்குற குப்பைய மூட்டை கட்டி எடுத்துட்டு வர்றது. தேடிப் போற காட்ட சுத்தமா வச்சுக்குறது இவங்களுக்கு விளையாட்டோட பாதி.

ஆபத்தும் சொல்லாம விடக்கூடாது. 2011ல இங்கிலாந்துல வெதர்பின்னு ஒரு சின்ன ஊர்ல ஒரு கஃபே வெளிய ஒளிச்சிருந்த சின்ன டப்பாவ வெடிகுண்டுன்னு நெனச்சு தெருவையே காலி பண்ணி, ராணுவம் வந்து வெடிக்க வச்சாங்க. ஒருத்தர் குனிஞ்சு எதையோ வைக்குறத பாத்து இன்னொருத்தர் போலீசுக்கு போன் பண்ணுனது தப்பே இல்ல, அவர் கடமை அது. டப்பா மேல இது என்னன்னு தெளிவா எழுதாம, கடைக்காரர்கிட்ட சொல்லாம வச்சாத்தான் பிரச்சனை.

இத ஏன் உங்க பேப்பருக்கு எழுதுறேன்னா, நம்ம ஊர்லயும் சில கேச் இருக்கு, மேப்ல ரொம்ப கொறச்சல்தான். உங்க துணுக்க படிச்சுட்டு ஆர்வத்துல யாராவது காலேஜ் பசங்க பஸ் ஸ்டாண்டுலயோ கோயில் மண்டபத்துலயோ டிபன் டப்பாவ ஒளிச்சு வச்சுட்டா என்ன ஆகும்னு எனக்கு பயமா இருக்கு, அதனால அந்த விதிங்களையும் சேத்து போடுங்க. பொட்டியே வேணாம்னாலும் வழி இருக்கு. எர்த்கேச்னு ஒரு வகை, 2004ல அமெரிக்க புவியியல் சங்கத்தோட சேந்து தொடங்குனாங்க, அதுல டப்பா கெடையாது, ஒரு இடத்தோட மண்ணு பாறைய பத்தி பாடம் எழுதி கேள்வி வைக்கணும், போறவங்க நேர்ல பாத்து பதில் அனுப்பணும். திருவக்கரைல கல்மரப் பூங்கா இருக்கே, 2 கோடி வருஷத்துக்கு முந்துன மரங்க கல்லாகி கெடக்குது, பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வர்றவங்க பல பேர் பக்கத்துல இருக்குற அத எட்டிக்கூட பாக்குறதில்ல. பூங்காவ பராமரிக்குற இந்திய புவியியல் ஆய்வுத் துறைகிட்ட அனுமதி வாங்கி, புவியியல் படிக்குற பசங்க ஒரு எர்த்கேச் எழுதலாம். இந்தக் கல்லுல மரத்தோட வளையம் தெரியுதா, எந்தக் கல்லுல கிளை இருந்த தழும்பு இருக்கு, இங்க ஏன் ஒரு மரத்துக்கும் வேரே காணோம்னு கேள்வி வச்சா, வர்ற பிள்ளைங்க குனிஞ்சு தொட்டுப் பாப்பாங்க. ஆனா எழுதுறவங்க பரீட்சை முடிஞ்சதும் விட்டுட்டுப் போயிடக் கூடாது, வர்ற பதில யாராவது ஒருத்தர் தொடர்ந்து படிச்சுட்டே இருக்கணும், அதுக்கு ஒரு டிபார்ட்மென்டே பொறுப்பெடுத்தா நல்லது.

உங்க மாணவர் பக்கத்துல இதுக்கு இடம் குடுத்தீங்கன்னா, எழுதிப் பாக்க விரும்புற பசங்களுக்கு ராத்திரில உக்காந்து வரைவ படிச்சு திருத்திக் குடுக்க நான் தயாரா இருக்கேன், என் மெயில் முகவரி இந்தக் கடிதத்தோட உங்க அலுவலகத்துக்கு தனியா அனுப்பிருக்கேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், சியாட்டில்