தங்கவயல் வரைபடங்களைக் காப்போம்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

கோலார் தங்கவயலின் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. பங்காருப்பேட்டை – மாரிகுப்பம் ரயில் இன்றும் ஓடுகிறது. விடியலில் அதில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகளில் பலருக்கு, தங்கள் லைன் வீட்டுக்கு (தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய வீடு) அடியில் எந்தச் சுரங்கத்தின் பாதை போகிறது என்பது தெரியாது. அதைக் காட்டும் 240 பழைய வரைபடத் தாள்கள், ஓய்வு பெற்றவர்களின் வீட்டுப் பரண்களிலிருந்து எங்கள் குழுவிடம் வந்து சேர்ந்திருக்கின்றன.

தங்கம் ஏறிய குவார்ட்ஸ் பாறைப் படிவம் இங்கே வடக்கு தெற்காக ஓடி, மேற்கே செங்குத்தாகச் சரிந்து இறங்குகிறது. நந்திதுர்க்கம், ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர் மைன் ஆகிய சுரங்கங்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே வரிசையில் அமைந்தது அதனால்தான். ஊரும் அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டே நீண்டது. சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. இவ்வளவு ஆழத்துக்கு மேலிருந்து பார்க்கும் 'பிளான்' மட்டும் போதாது, பக்கவாட்டு 'செக்‌ஷன்' தாளும் வேண்டும். கீழே அழுத்தம் தாங்காமல் பாறை தானே வெடித்தபோது மேலே எந்த லைன் வீடுகள் குலுங்கின, ஏன் என்பதை இரண்டையும் சேர்த்து வைத்தால்தான் படிக்க முடியும். ஜோடியில் ஒன்று போனால் மற்றதில் பாதிப் பொருள் போய்விடும்.

தாள்களின் நிலை கவலை தருகிறது. பல ஆண்டுகள் சுருட்டியே கிடந்ததால், அப்படியே விரித்தால் மடிப்பில் உடைகின்றன. மூடிய தொட்டியில் அடியில் தண்ணீர், நடுவே கம்பி வலை, அதன்மேல் தாள் என்று சில மணி நேரம் ஈரக்காற்றில் வைத்து, இளகிய பிறகு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே கண்ணாடிப் பாரம் ஏற்ற வேண்டும். தண்ணீர் நேரடியாகப் படக்கூடாது: ட்ரேசிங் துணியில் (படம் வரையப் பயன்பட்ட மெல்லிய துணி) பூசிய கஞ்சி கரைந்து கோடுகளும் கலைந்துவிடும். நீலத்தாளுக்கு (நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடுகள் உள்ள 'புளூபிரிண்ட்' நகல்) வெளிச்சமும் ஆகாது, காரமும் (அமிலத்துக்கு எதிரான 'ஆல்கலி') ஆகாது. ஆவணக் காப்புக்கென்று விற்கும் தாள்களில் பலவற்றில் காரம் சேர்த்திருப்பார்கள். அதில் சுற்றி வைத்தால் நாளடைவில் நீலம் வெளுக்கக்கூடும். காரம் சேராத நடுநிலைத் தாள்தான் வேண்டும்.

ஒரு தாளை இளக்கி, விரித்து, 400 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, உறையிட ரூ. 300 ஆகிறது, 240 தாள்களுக்கு ரூ. 72,000. மடிக்காமல் படுக்கவைக்கும் இழுப்பறை அலமாரிகள் இரண்டுக்கு ரூ. 90,000. இரு வேறு இடங்களில் வைக்கும் ஹார்டு டிஸ்க்குகளுக்கு ரூ. 18,000. மொத்தம் ரூ. 1,80,000. ஒரே ஒரு தாளின் செலவை ஏற்றாலும் நன்றியோடு பெற்றுக்கொள்வோம். ரசீதில் அந்தத் தாளின் எண் இருக்கும், ஸ்கேன் பிரதியும் உங்களுக்கு வரும்.

உங்கள் வீட்டுப் பரணிலும் வரைபடம் இருக்கலாம். தயவுசெய்து பிரிக்காதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள். சுருளைப் பருத்தித் துணியில் சுற்றி அப்படியே கொண்டுவாருங்கள். ஸ்கேன் முடிந்ததும் மூலத்தை உங்களிடமே திருப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
வரைபடக் காப்புக் குழுவினர்